பூட் திரையில் அம்மாவின் கோலம்

தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் எங்கள் வீட்டுப் பரணில் ரொம்ப நாளாகக் கிடந்தது. 2 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க், 1366×768 திரை. பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் செருகினால் ஓடும். அம்மா மகளிர் குழுக் கணக்கை நோட்டில் எழுதி, கூட்டி, அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அதை இறக்கித் தூசி தட்டி டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டேன். எக்ஸ்எஃப்சீ டெஸ்க்டாப், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை. இது போதும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்த என்னை அம்மா கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. கறுப்பா நிக்குது. மேல ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டு, "கிளீன்" என்று ஒரு வரியும் நாலைந்து எண்களும் காட்டும் வழக்கமான திரைதான் அது. எனக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் பழைய டிஸ்க் என்பதால் அந்த ஒற்றை வரி அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு அது பிழைச் செய்தி மாதிரிதான் இருக்கும். "உள்ளே வேலை நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று அம்மாவுக்குப் புரியும்படி இந்த இயந்திரம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். மூன்று வார இறுதிகள் ஆயின.

துவக்கத் திரையைக் காட்டுவது பிளிமத் என்ற சின்ன நிரல். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டில் ரே ஸ்ட்ரோட் எழுதத் தொடங்கியது. 2008-இல் ஃபெடோரா 10 என்ற லினக்ஸ் வெளியானபோது முதன்முதலாக வந்தது. அதற்கு முன்பு ஃபெடோராவில் துவக்கத் திரைக்காகவே, டெஸ்க்டாப்பின் ஜன்னல்களை வரையும் முழு எக்ஸ் சர்வரையும் ஒருமுறை ஓட்டவேண்டியிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே திரையின் அளவை நேரடியாக அமைக்கும் வசதி வந்த பிறகு அந்தச் சுமை போய்விட்டது. இப்போது டெபியன், உபுண்டு உட்படப் பெரும்பாலான லினக்ஸ்களில் பிளிமத்தான்.

ஒரு பிளிமத் தீம், அதாவது துவக்கத் திரையின் தோற்றம், என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் பிளிமத், அதற்குள் தீம்ஸ். அங்கே நம் பெயரில் ஒன்று உருவாக்கி மூன்று வகைக் கோப்புகளைப் போட வேண்டும். தீமின் பெயரையும் எந்த மாட்யூலை ஓட்ட வேண்டும் என்பதையும் சொல்லும் விவரக் கோப்பு ஒன்று, என்ன நடக்க வேண்டும் என்று எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று, அப்புறம் பிஎன்ஜி படங்கள். கூடவே வரும் தீம் எதையும் நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் பேக்கேஜ் தன் கோப்புகளைத் திரும்ப எழுதிவிடும், நம் உழைப்பு போய்விடும். தனி ஃபோல்டரில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள்.

என்ன படம் போடலாம் என்று நான் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மா வைத்திருக்கும் கோல நோட்டு ஒன்று உண்டு. அதில் அவருக்குப் பிடித்த ஒரு சிக்குக் கோலம்: நேர்ப்புள்ளி, நடுவில் 5, இருபுறமும் 3, 1 என்று முடியும். மொத்தம் 13 புள்ளி. ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் வளைத்துச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். இயந்திரம் எழுந்திருக்கும்போது அந்தக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஓட வேண்டும். கோலம் முடிந்தால் வாசல் தயார், லாகின் திரை வரும்.

நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து இங்க்ஸ்கேப் என்ற வரையும் நிரலில் வைத்து அதன்மேல் வரைந்தேன். புள்ளிகளுக்கு இடையே 60 பிக்சல். 5 புள்ளிக்கு 240 வரும், வெளிச்சுற்றுக்கு இருபுறமும் 40 சேர்த்தால் 320. சுற்றிலும் கொஞ்சம் காலி விட்டு 400×400 கேன்வாஸ். கம்பி முழுவதும் ஒரே பாதையாக இருக்க வேண்டும், இரண்டு துண்டாக வரைந்து ஒட்டினால் பின்னால் சரிவராது. பாதையின் நீளத்தை அளந்தபோது 2140 பிக்சல்.

வரையும் அசைவை உண்டாக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. கோட்டை இடைவெளிக் கோடாக மாற்றி, ஒரு கோட்டுத் துண்டின் நீளம் 2140, இடைவெளியும் 2140 என்று வைத்துவிட வேண்டும். தொடக்க நகர்வு 2140 என்றால் திரையில் ஒன்றும் தெரியாது. 1070 என்றால் பாதிக் கோலம், 0 என்றால் முழுக் கோலம். இந்த ஒரே எண்ணை மாற்றி மாற்றி எஸ்விஜி கோப்பை எழுதி, ஒவ்வொன்றையும் இங்க்ஸ்கேப்பைக் கொண்டே பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும் பைத்தான் நிரல் இருபது வரிகூட இல்லை. 60 படங்கள் எடுத்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கேர்ந்து யாரு ஆரம்பிப்பா?" என்று கேட்டார். இங்க்ஸ்கேப்பில் நான் முதலில் சொடுக்கிய இடம் மேல்நுனி. அதனால் கம்பி மேலிருந்து ஓடியது. அம்மா குனிந்து நின்று போடுகிறவர், தன் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ப்புள்ளியின் இடதுபுறத்தில்தான் கையை வைப்பார். இன்னொன்றும் சொன்னார். "இது மாவு மாதிரி இல்ல, பெயிண்ட் மாதிரி இருக்கு. அப்புறம், வளைவுல இவ்வளவு வேகமா கை போகாது."

அவர் சொன்னது மூன்றுமே சரி. மறுநாள் விடியலில் மாடிப்படியில் நின்று, மேலிருந்து அவர் கோலம் போடுவதை வீடியோ எடுத்தேன். 50 வினாடி. அதை 60 இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் கம்பி எதுவரை வந்திருக்கிறது என்று பாதையின்மேல் குறித்துக்கொண்டேன். நீண்ட வளைவில் கை சரசரவென்று போகிறது. ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் மெதுவாகிறது. இரண்டு இடத்தில் மாவு எடுக்க நிற்கிறது. அந்த நிறுத்தங்களை அப்படியே வைத்துக்கொண்டேன், அடுத்தடுத்த இரண்டு படங்களில் கம்பி நகராது. எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சமமான இடைவெளியில் ஓடியபோது அது வெறும் லோடிங் வளையம். இப்போது பார்த்தால் ஒரு கை போடுவது தெரிகிறது. கோட்டின் விளிம்பை லேசாகச் சிதறடிக்க, இங்க்ஸ்கேப்பின் பாதை விளைவுகளில் சொரசொரப்பாக்கும் ஒன்று இருக்கிறது. அதைக் கோலத்தின் ஓட்டத்தில் கலக்காமல், ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரே மாதிரியான துகள் அமைப்பு ஒன்றை முகமூடியாகப் போட்டேன். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் விளிம்பு நடுங்கும்.

படத்தின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. முதலில் சோம்பல்பட்டு முழுத்திரை அளவிலேயே 60 படம் எடுத்திருந்தேன். பிஎன்ஜியாக டிஸ்க்கில் அவை சிறியவை, அதனால் கவலைப்படவில்லை. ஆனால் நினைவகத்தில் விரியும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட். 1366×768 என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 4.2 எம்பி, 60 படத்துக்கு 250 எம்பி. 2 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில், அதுவும் துவங்கும் நேரத்தில், இது அநியாயம். படங்களைப் பிரித்து ஏற்றவே நேரம் பிடித்துத் துவக்கம் தாமதமானது. 400×400 ஆக்கியபோது ஒரு படம் 640,000 பைட், மொத்தம் 38 எம்பி. பின்னணி ஒரே நிறம், அதற்குப் படமே தேவையில்லை, ஸ்கிரிப்டில் எண்ணாகச் சொன்னால் போதும்.

நிறத்தை எங்கள் வாசலிலிருந்தே எடுத்தேன். தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரையின் போட்டோவில், படம் திருத்தும் நிரலான கிம்ப்பின் நிறமெடுப்பானை வைத்தால் சிவப்பு 58, பச்சை 53, நீலம் 48. அதை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினேன். திரை முழுக்க வெள்ளை, கோலத்தைக் காணோம். பிளிமத் நிறத்தை 0 முதல் 1 வரைதான் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் 1. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோலம். ஒவ்வொன்றையும் 255-ஆல் வகுத்து 0.227, 0.208, 0.188 என்று எழுதியதும் வாசல் வந்தது.

ஸ்கிரிப்ட் மொழி எளிது. மேலே ஒரு சுற்றில் 60 படங்களையும் ஏற்றி வரிசையில் வைக்கிறேன். அப்புறம் ஒரு ஸ்பிரைட், அதாவது திரையில் படம் உட்காரும் இடம். திரை அகலத்திலிருந்து 400-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 483, உயரத்தில் 184. இந்த எண்களை நேரே எழுதாமல் திரையின் அளவைக் கேட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள், வேறு திரையிலும் நடுவில் வரும். துவக்க முன்னேற்றத்துக்கு ஒரு செயற்கூறைப் பதிவுசெய்தால், பிளிமத் அதை அடிக்கடி அழைத்து 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண் கொடுக்கும். அதை 59-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் எந்தப் படம் என்று தெரிந்துவிடும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? முந்தைய துவக்கம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை பிளிமத் ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது, அதை வைத்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று மதிப்பிடுகிறது. எனவே புதிதாக நிறுவியதும் முதல் தடவை அசைவு தாறுமாறாக இருந்தால் ஸ்கிரிப்டைக் குறைசொல்லாதீர்கள். இரண்டு மூன்று முறை ரீபூட் செய்து பாருங்கள். கம்பி பின்னோக்கிப் போகக்கூடாது என்பதற்காக, புதிய எண் பழையதைவிடக் குறைவாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன்.

ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்து சோதித்தால் வாழ்க்கை போய்விடும். பிளிமத்-எக்ஸ்11 என்ற பேக்கேஜைப் போட்டால் துவக்கத் திரையை டெஸ்க்டாப்பிலேயே ஒரு ஜன்னலில் ஓட்டிப் பார்க்கலாம். டெர்மினலில் ரூட் அனுமதியோடு பிளிமத்டி-யை எழுப்பி, ஷோ-ஸ்பிளாஷ் கட்டளை கொடுத்து, பத்து வினாடி விட்டு, குவிட் கட்டளை. குவிட்டை மறக்காமல் ஒரே வரியில் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள், ஜன்னல் மூடாமல் நின்றுவிட்டால் தொல்லை.

ஜன்னலில் எல்லாம் நன்றாக ஓடியது. என் தீம்தான் வர வேண்டும் என்று அமைத்து ரீபூட் செய்தேன். ஒன்றுமே வரவில்லை, அதே கறுப்புத் திரை, அதே ஒற்றை வரி.

முதல் காரணம் எளிது. டெபியனில் கெர்னலுக்குப் போகும் வரியில் "குவையட்" மட்டும்தான் இருக்கும், "ஸ்பிளாஷ்" என்ற சொல்லை நாம்தான் சேர்க்க வேண்டும். எட்ஸி ஃபோல்டரில் டீஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. கெர்னலை ஏற்றிவிடும் துவக்க நிரலின் பெயரும் கிரப்தான். சேர்த்துவிட்டு அப்டேட்-கிரப். இப்போது கோலம் வந்தது, ஆனால் கடைசி சில வினாடி மட்டும். திரையை இயக்கும் இன்டெல் டிரைவர் தாமதமாக ஏறுவதுதான் காரணம். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் மாட்யூல்ஸ் கோப்பில் ஐ915 என்று ஒரு வரி சேர்த்துத் திரும்பக் கட்டியதும் கோலம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

இந்த இனிட்ராம்எஃப்எஸ் என்ன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி. கெர்னல் எழுந்ததும் டிஸ்க் இன்னும் திறந்திருக்காது. கையில் இருப்பது அந்தச் சின்ன மூட்டை மட்டும்தான். வீட்டில் எத்தனை பாத்திரம் நிறைய இருந்தாலும் மூட்டையில் கட்டாதது வழியில் கிடைக்காது. தீமில் ஒரு படத்தை மாற்றினால்கூட அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி மூட்டையைத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்பு பழைய மூட்டையின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால், கிரப் பட்டியலில் ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தி ஸ்பிளாஷ் என்ற சொல்லை அழித்துவிட்டால் பழைய முறையில் துவங்கிவிடும்.

தமிழ் எழுத்து விஷயத்திலும் இதே கதைதான். கோலத்துக்குக் கீழே "சற்றுப் பொறுங்கள்" என்று வர வேண்டும். பிளிமத் எழுத்துகளை வரையும், லேபிள் என்ற துணைப் பேக்கேஜ் இருந்தால் போதும். ஜன்னலில் சோதித்தபோது அழகாக வந்தது. ரீபூட் செய்தால் கட்டம் கட்டமாக. ஜன்னலில் ஓடும்போது என் கணினியின் எல்லா எழுத்துருக்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. டெபியன் 12 கட்டும் மூட்டைக்குள் போவதோ டேஜாவு எழுத்துரு. அதில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துருவையும் மூட்டையில் ஏற்ற வழி செய்யலாம். ஆனால் இரண்டு சொல்லுக்காக அந்த அளவு தோண்டுவதில் எனக்கு விருப்பமில்லை. இங்க்ஸ்கேப்பில் அந்த வாசகத்தைத் தட்டி, பாதையாக மாற்றி, பிஎன்ஜியாக எடுத்து இன்னொரு ஸ்பிரைட்டாக வைத்துவிட்டேன். படமாக இருந்தால் எந்தப் பதிப்பு வந்தாலும் எழுத்து உடையாது.

கிரப்பில் தமிழ் எழுத்தின் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கிரப்-எம்கேஃபான்ட் கொண்டு தமிழ் எழுத்துரு ஒன்றை கிரப்புக்கு மாற்றிக் கொடுத்து, பட்டியலில் "டெபியன்" என்று எழுதினேன். ஒற்றைக்கொம்பு 'ட'-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. கணினிக்குள் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கும், திரையில் காட்டும்போது முன்னால் இழுத்து வைப்பது எழுத்தை வடிவமைக்கும் இன்னொரு அடுக்கின் வேலை. கிரப்பில் தமிழுக்கு அந்த அடுக்கு இல்லை. எனவே பட்டியலை ஆங்கிலத்திலேயே விட்டேன், மேலே தலைப்பை மட்டும் பின்னணிப் படத்திலேயே தமிழில் வரைந்துவிட்டேன்.

அந்தப் பின்னணிப் படமும் லேசில் வரவில்லை. இந்த லேப்டாப்பின் பயாஸ் கிரப்புக்கு 1366×768 தருவதே இல்லை. கிரப்பில் 'சி' அழுத்தி வீடியோஇன்ஃபோ என்று தட்டினால் என்னென்ன அளவு கிடைக்கும் என்று காட்டும், எனக்குக் கிடைத்தது 1024×768. அகலப் படத்தை அதற்குள் நெருக்கியதால் புள்ளிகளெல்லாம் நெல்மணி மாதிரி ஒல்லியாயின. 1024×768-க்குத் தனியாக ஒரு படம் செய்தேன். அதுவும் முதலில் வரவே இல்லை, ஏனென்றால் கிம்ப்பில் ஏற்றுமதி செய்தபோது இன்டர்லேசிங் கட்டத்தை டிக் செய்திருந்தேன். கிரப்பின் பிஎன்ஜி வாசிப்பான் அந்த வகையை ஏற்காது. டிக்கை எடுத்ததும் வந்தது.

பாதிக் கோலப் பிரச்சினை இன்னும் பாக்கி இருந்தது. சில நாள் இயந்திரம் மதிப்பிட்டதைவிடச் சீக்கிரம் துவங்கிவிடும், கம்பி முக்கால்வாசியில் இருக்கும்போதே லாகின் திரை வந்துவிடும். அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "போட்ட கோலத்தைப் பாதியில விட்டுட்டு எழுந்திரிக்கலாமா?" இது அவருக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, செய்யக்கூடாத ஒன்று. ஸ்கிரிப்டில் முன்னேற்ற எண்ணை 0.8-ஆல் வகுத்து, 1-க்கு மேல் போனால் 1 என்று வைத்தேன். ஆக, துவக்கம் எண்பது சதவீதம் ஆகும்போதே கோலம் முடிந்துவிடும். அதற்கும் முன்னால் துவக்கமே முடிந்துபோனால் என்ன செய்வது? பிளிமத் வெளியேறும்போது அழைக்கும் செயற்கூறு ஒன்று இருக்கிறது, அதில் முழுக் கோலத்தைக் காட்டச் சொல்லி எழுதினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் கோலம் குறையாக நிற்கவில்லை.

இதே தீமை ஆசைப்பட்டு என் சொந்த லேப்டாப்பிலும் போட்டேன். கோலம் கால்வாசி ஓடி நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசைவில்லை. அலுவலகக் கோப்புகள் எல்லாம் அதில்தான், கை நடுங்கிப்போனது. கடைசியில் எஸ்கேப் விசையை அழுத்தினேன். திரை எழுத்துக்கு மாறியது, டிஸ்க்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது இத்தனை நேரமும் காத்திருந்தது. என் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டது, அம்மாவுடையது இல்லை. பிளிமத்தின் ஸ்கிரிப்ட் தீமில் கடவுச்சொல் கேட்கும் பகுதியை நாமே எழுதவில்லை என்றால் கேள்வி திரையில் வரவே வராது. இதை எழுதாமல் யாரும் தீம் செய்து பிறருக்குக் கொடுக்காதீர்கள், அவருக்குத் தன் கணினி செத்துவிட்டது என்றுதான் தோன்றும். இப்போது என் தீமில், கடவுச்சொல் கேட்கும்போது கம்பி நின்று, கீழே ஒரு பெட்டி வருகிறது. தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கோலப்புள்ளி விழுகிறது.

டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை பெரிய வேலை இல்லை. டெபியன் ஒவ்வொரு பதிப்புக்கும் பொதுவில் ஓவியங்களை வரவேற்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 2023 ஜூனில் வந்த 12-க்கு ஜூலியட் டாக்கா வரைந்த எமரால்ட். எல்லாம் டெஸ்க்டாப்-பேஸ் என்ற ஒரே பேக்கேஜில் இருக்கிறது: கிரப், லாகின், வால்பேப்பர் மூன்றுக்கும் ஒரே கைவண்ணம். பார்க்க நிஜமாகவே அழகானது, வால்பேப்பராக அதையே விட்டுவிட்டேன். லாகின் திரைக்கு மட்டும் அதே சிமெண்டு நிறத்தில் முழுக் கோலத்தின் படத்தை வைத்தேன். முதலில் படம் என் ஹோம் ஃபோல்டரில் இருந்ததால் லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம்மால் அதைப் படிக்க முடியவில்லை, லாகின் திரை ஓடும்போது அது வேறொரு பயனர். யூஎஸ்ஆர், ஷேர், பேக்கிரவுண்ட்ஸ் என்ற இடத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று. பிளிமத் மறைந்து லாகின் வரும் அந்த ஒரு கணத்தில் கோலம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி பிக்சல் கணக்காகப் பொருத்தினேன். நடுவே ஒரு நொடி கறுப்பு மின்னுகிறது, அதை இன்னும் போக்க முடியவில்லை.

அம்மா இப்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கம்பி ஓடுவதைப் பார்க்கிறார். குழுவிலிருந்து வருகிறவர்களுக்கும் காட்டுகிறார். போன வாரம் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் 7, இருபுறமும் 5, 3, 1 என்று 25 புள்ளி. கை வைக்க வேண்டிய இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார், மாவு எடுக்க நிற்கும் இடங்களில் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. மார்கழி பிறப்பதற்குள் வேண்டுமாம். 520×520 கேன்வாஸ் பிடிக்கும், 60 படம் என்றால் 65 எம்பி. தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.